காற்றை அடிக்க வந்தவன்

முராகோஷிக்கு முந்தின நாள் சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. ஓட்டலில் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, டை கட்டிய கிளப் அதிகாரி ஒருவர் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கிளப் அதிகாரி தன் கையால் தேநீர் ஊற்றினால் விஷயம் விளங்கிவிட வேண்டாமா? அடுத்த வருஷம் வேலை இல்லை, நாளைய ஆட்டத்தோடு சரி, இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்றார். முராகோஷி தலை குனிந்து வணங்கிவிட்டு, ஊற்றிய தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தான்.

வயது முப்பத்தைந்து. ஹிரோனோ பேட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் பதிமூன்று வருஷம். அதில் பாதி இரண்டாம் அணியில், காக்கையும் குருவியும் பார்க்க ஆடியது. மீதிப் பாதி பெஞ்சைத் தேய்த்தது. எப்போதாவது யாருக்காவது கால் பிசகினால் இவனைக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுப்பார்கள். அப்படிக் கிடைத்ததில் சேர்ந்தது மொத்தம் தொண்ணூற்றொன்பது ஹிட். பந்தை அடித்துவிட்டு, அந்தப் பந்து திரும்பி வந்து சேருமுன் ஓடிப்போய் முதல் தளத்தைத் தொட்டால் ஒரு ஹிட். பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் ஒரே வருஷத்தில் நூற்றைம்பது அடிப்பார்கள். இரண்டாயிரம் அடித்தவனுக்குத்தான் பூச்செண்டும் பாராட்டும். நூறு அடித்தவனை எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனாலும் தொண்ணூற்றொன்பதோடு நிற்பது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. பெரிய நோவில்லை, ஆனால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

இன்னும் ஒரே ஒரு முறை மட்டை பிடிக்கக் கிடைத்தால் போதும் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

மறுநாள் மத்தியானம் ஆட்டக்காரர் பட்டியலை ஒட்டினார்கள். முதல் பெயரே முராகோஷி. மனுஷன் சுவரோரம் நின்று மூன்று முறை படித்தான். அவன் முதல் ஆளாக இறங்கி நான்கு வருஷம் ஆகியிருந்தது. வாய் காதுவரை போய்விட்டது. அப்புறம்தான் அன்றைக்கு எதிரணியில் பந்து வீசப்போவது யார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. வாய் பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஹிசாநாகா. இசோபே கிரேன்ஸ் அணியின் ஹிசாநாகா. நாற்பத்தோரு வயது, இடதுகைக்காரர், அந்தத் துறைமுக ஊரில் மீன்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் படம் மாட்டியிருக்கும் ஆள். அன்றைக்கு அவருக்குக் கடைசி ஆட்டம். முப்பதாயிரம் இருக்கையும் ஒரு மாதம் முன்பே விற்றுத் தீர்ந்திருந்தன. இல்லாவிட்டால் ஐந்தாம் இடத்து அணியும் ஆறாம் இடத்து அணியும் வருஷக் கடைசியில் மோதுவதை யார் வந்து பார்ப்பது?

இப்படி ஒருவர் விடைபெற்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. அவர் ஒரே ஒரு ஆளுக்குப் பந்து வீசுவார். நேராக, நடுவாக, வேகப்பந்தாக வீசுவார். எதிரே நிற்கிறவன் மூன்று பந்துக்கும் முழு மூச்சாக மட்டையைச் சுழற்றிக் காற்றை அடிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் அவுட். பெரியவர் கடைசி ஆளையும் வீழ்த்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் பூச்செண்டோடு பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்குவார். இதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. எழுதியும் வைக்கவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பேட்ஜர்ஸ் மேனேஜர் ஷிராகவாவுக்கு மட்டும் வாய் நிற்காது. முராகோஷியைத் தனியே கூப்பிட்டுத் தோளைத் தட்டினார்.

"சின்னப் பசங்கள நம்ப முடியாது, முராகோஷி. ஆசையில பந்தத் தொட்டுத் தொலைச்சிருவானுங்க. நீன்னா பயமில்ல. ஹிசாநாகா-சான் பந்துல காத்த அடிக்கிறதுக்கு உன்னவிட அனுபவசாலி எவன் இருக்கான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முராகோஷியும் சிரித்தான். உண்மைதானே? பதிமூன்று வருஷத்தில் ஹிசாநாகாவை அவன் பதினேழு முறை சந்தித்திருக்கிறான். ஒரு ஹிட் கூட இல்லை. அவருடைய மெதுவாக வந்து கடைசியில் பொத்தென்று விழும் வளைபந்து அவனுக்கு எமன். அந்த ஒரு ஆள் முடிந்ததும் இவனையும் வெளியே எடுத்துவிட்டு ஓர் இளைஞனை இறக்குவதாக மேனேஜர் சொன்னார். ஆக, அதுதான் கடைசி. முராகோஷி சரி என்று தலையாட்டினான்.

தனக்கும் அன்றைக்கே கடைசி என்று மேனேஜரிடம் அவன் சொல்லவில்லை. கிளப்காரர்கள் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்தில் போய் எனக்குக் காய்ச்சல் என்று சொல்வாரா யாராவது?

மனைவி சுமியேவிடம் மட்டும் போனில் சொன்னான். முதல் ஆளாக இறங்குவதையும், எதற்காக இறங்குவதையும் சேர்த்தே சொன்னான். அவளுக்கும் அந்த எண்ணிக்கை தெரியும். பதிமூன்று வருஷமாக ஒவ்வொரு ஹிட்டுக்கும் அன்றைக்கு ராத்திரி வறுத்த கோழி செய்கிறவள். டிவியில் பார்ப்பேன், முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளாமல் நில் என்றாள். அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு ஆட்டம். ஹிசாநாகா மேட்டில் ஏறியதும் முப்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். எக்காளம், மேளம், அவர் பெயர். முராகோஷி மட்டையோடு போய் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி வணங்கினான். அவரும் தொப்பியைத் தொட்டார். வலது முழங்காலில் கட்டுப்போட்டிருப்பது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

முதல் பந்து வந்தது. ஐயோ பாவம், அதை வேகப்பந்து என்று சொல்ல நமக்கே வாய் வராது. பள்ளிக்கூடப் பையன் வீசுவது போல் வந்தது. அதைத் தவறவிடுவது எவ்வளவு கஷ்டம் என்பது முராகோஷிக்கு அப்போதுதான் புரிந்தது. பந்து பின்னால் குந்தியிருந்த கேட்சர் கையில் போய் உட்கார்ந்த பிறகுதான் இவன் மட்டை சுழன்றது. நடிக்கத் தெரியாத மனுஷனைக் கூத்தில் இறக்கிவிட்டால் இப்படித்தான். கூட்டம் அதையெல்லாம் கவனிக்காமல் ஆரவாரம் செய்தது.

ஹிசாநாகா கவனித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கேட்சரை மேட்டுக்குக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கேட்சர் இகெஜிமா இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. முகம் வெளுத்துத் திரும்பி வந்து, குந்தி உட்கார்ந்துகொண்டு, முராகோஷியை நிமிர்ந்து பார்க்காமலேயே பேசினான்.

"முராகோஷி-சான், மன்னிச்சிருங்க, அவர் சொல்லச் சொன்னத அப்படியே சொல்றேன். பதிமூணு வருஷமா நெசமாவே அடிக்க முடியாம திருதிருன்னு முழிச்சீங்களாமே, அந்த மூஞ்சிய எங்க வச்சிட்டு வந்தீங்கன்னு கேக்குறாரு."

முராகோஷிக்குக் காது சூடாகிவிட்டது. நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. இவருக்காகத் தன் கடைசி வாய்ப்பை விட்டுக்கொடுத்து நிற்கிறான், இவர் என்னடாவென்றால் நக்கல் செய்கிறார்!

இரண்டாம் பந்து. முராகோஷி இந்த முறை அடிக்கத்தான் சுழற்றினான், சத்தியமாக. ஆனால் வந்தது வேகப்பந்து இல்லை, அந்தப் பழைய வளைபந்து. மெதுவாக மிதந்து வந்து, மட்டைக்கு ஒரு சாண் முன்னால் பொத்தென்று விழுந்தது. முராகோஷி தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி முழங்காலில் போய் விழுந்தான். என்ன அருமையாக நடிக்கிறான் என்று கூட்டம் கைதட்டியது. ஷிராகவா பெஞ்சிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மேட்டில் ஹிசாநாகா பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். முராகோஷி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்திருந்தது. கிழவன் விளையாடக் கூப்பிடுகிறான்! முதல் நாள் ஆட்டத்துக்கு வந்த பிள்ளைபோல அவனுக்குக் கை துறுதுறுத்தது.

மூன்றாம் பந்தை விளிம்பில் தொட்டுக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். அப்படிப் போனால் அவுட்டும் இல்லை, ஹிட்டும் இல்லை, மறுபடி வீச வேண்டியதுதான். நான்காவதையும் அப்படியே. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. இந்த ஆளுக்கு முறை தெரியாதா, யார் பெற்ற பிள்ளை இது என்று கேட்டிருப்பார்கள். ஐந்தாவதும் வெளியே போனதும் ஷிராகவா எழுந்து வந்து படியில் நின்று, சீக்கிரம் முடி என்று கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். முராகோஷி பார்க்காத மாதிரி கையுறையைச் சரிசெய்துகொண்டான். பதிமூன்று வருஷத்தில் மேனேஜர் சொல்லை அவன் மீறியது அன்றைக்குத்தான்.

ஆறாவது மறுபடியும் வளைபந்து. இந்த முறை முராகோஷி காத்திருந்தான். காத்திருந்து, காத்திருந்து, பந்து விழும் இடத்தில் மட்டையை வைத்தான். அழகான அடி என்று சொல்ல மாட்டேன். பந்தின் தலையில் பட்டு அது மேட்டுக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் உருண்டு போனது. முராகோஷி மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.

வேறு யாராவது போய் எடுத்திருக்கலாம். ஹிசாநாகா விடுவாரா? கட்டுப்போட்ட காலோடு மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கி, குனிந்து அள்ளி, திரும்பி முதல் தளத்துக்கு வீசினார். முராகோஷி கடைசி இரண்டு எட்டையும் ஓடவில்லை, கையை நீட்டி அப்படியே விழுந்து சறுக்கினான். நெஞ்சு, வாய், மூக்கு எல்லாம் மண். விரல் தளத்தைத் தொட்டது. அதற்கப்புறம்தான் தலைக்கு மேலே கையுறையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. அவனுக்குச் சந்தேகமே இல்லை. தொட்டது முதலில், சத்தம் பிறகு.

அம்பயர் புழுதி அடங்குமுன்பே கையைத் தூக்கி அவுட் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் நீங்களும் நானும் நின்றாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். அரங்கமே அதிர்ந்தது. ஹிசாநாகா கடைசி ஆளையும் வீழ்த்திவிட்டார், அதுவும் தன் கையாலேயே.

முராகோஷி எழுந்து உட்கார்ந்தான். மேனேஜர் ஒரு வார்த்தை கேட்டால் அம்பயர்கள் உள்ளே போய் டிவியில் போட்டுப் பார்ப்பார்கள். கேட்பதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் விடைபெறுகிறவரின் கடைசி அவுட்டை எந்த மேனேஜர் சந்தேகப்பட்டுக் கேட்பான்? மானம் கப்பலேறிவிடாதா? ஷிராகவா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முராகோஷியும் எதுவும் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்பது. சரி, போகட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான், ஆனால் கண் கலங்கியது. மண் விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டு ஹிசாநாகாவை வணங்கத் திரும்பினான்.

ஹிசாநாகா முதல் தளத்துக்காரனிடமிருந்து பந்தை வாங்கினார். கையை நீட்டிக்கொண்டு வந்த தன் ஆட்களை விலக்கினார். முராகோஷியையும் தாண்டி, நொண்டிக்கொண்டே நேராகப் பேட்ஜர்ஸ் பெஞ்சின் முன்னால் போய் நின்றார்.

"ஷிராகவா-சான், டிவியில பாக்கச் சொல்லிக் கேளுங்க."

ஷிராகவா பதறி எழுந்துவிட்டார். "என்னங்க இது, இன்னிக்கு உங்க நாளு, ஹிசாநாகா-சான்."

"என் நாள்னா நான் கேக்குறத குடுங்க. அவன் கை முதல்ல பட்டுச்சு. நான் நேரா நின்னு பாத்தேன்."

"அதுக்காக..."

"இருபத்திரண்டு வருஷம் வீசியிருக்கேன். கடைசியா ஒரு அவுட்ட தானமா வாங்கிட்டுப் போனா என் பொண்டாட்டியே சிரிப்பா. நீங்க கேக்குற வரைக்கும் நான் இங்கயிருந்து போறதா இல்ல."

பூச்செண்டு வைத்திருந்த இரண்டு சிறுமிகள் வேலியோரம் நின்று முழித்தார்கள். அம்பயர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்க வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது, ஆனால் அதைச் சொல்லும் தைரியம் அவர்களில் யாருக்கும் வரவில்லை. கடைசியில் ஷிராகவா, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்து, டிவியில் பார்க்கச் சொல்லி இரண்டு விரலாலும் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார்.

நான்கு நிமிஷம் ஆயிற்று. ஹிசாநாகா மேட்டில் போய் நின்றுகொண்டார். முராகோஷி தளத்தின் பக்கத்தில் நின்றான். உட்காரலாமா நிற்கலாமா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அம்பயர்கள் வந்தார்கள். தலைமை அம்பயர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார். அவுட் இல்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு. அடுத்தாற்போல் ஒரு மூலையில் ஒருத்தர் கைதட்ட, அது பரவிப் பரவி மைதானம் முழுக்க நிரம்பியது. யாருக்காகத் தட்டினார்களோ, யாருக்குத் தெரியும்? ஹிசாநாகா மட்டும் தட்டவில்லை. மேட்டு மண்ணைக் காலால் உதைத்து, தன் முழங்காலைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். பெருந்தன்மை காட்டுகிறார் என்று டிவியில் சொன்னார்களாம். பெருந்தன்மையாவது ஒன்றாவது. மனுஷனுக்கு நிஜமாகவே எரிச்சல்.

அப்புறம் முறைப்படி முதல் தளத்துக்கு நடந்துவந்து கையை நீட்டினார்.

"கடைசியில அடிச்சுட்டியேடா. அந்த வளைபந்த எவனும் தொடக்கூடாதுன்னு நெனச்சிருந்தேன்."

முராகோஷி அந்தக் கையைப் பிடித்தான். விடவில்லை. அவருடைய இன்னொரு கையில் பந்து இருந்தது. அது ஹிசாநாகா வீசிய கடைசிப் பந்து. அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியது. அதைக் கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! முராகோஷி வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டான்.

"ஹிசாநாகா-சான், அந்தப் பந்த எனக்குக் குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"நூறாவது ஹிட்டு. எனக்கும்... எனக்கும் இன்னியோட முடிஞ்சுது. நேத்துதான் சொன்னாங்க."

ஹிசாநாகா அவனை மேலும் கீழும் பார்த்தார். மண் அப்பிய நெஞ்சு, கிழிந்த கையுறை, மூக்கில் ரத்தம். ஒன்றுமில்லாத ஓர் ஆட்டத்தில் ஒருத்தன் ஏன் அப்படி விழுந்து புரண்டான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது போலிருக்கிறது.

"இத முதல்லயே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நீங்க நேராப் போட்டிருப்பீங்க."

"ஆமா," என்றார் ஹிசாநாகா. "போட்டிருப்பேன். கெட்டிருக்கும்."

பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு, சும்மா தர முடியாது, அந்த மட்டையைக் கொடு என்றார். கேட்சர் பையன் ஓடிப்போய் எடுத்துவந்தான். இருபத்திரண்டு வருஷம் பந்து மட்டுமே வீசிய மனுஷன், ஒரு கையில் பூச்செண்டும் தோளில் முராகோஷியின் மட்டையுமாகக் கீழே இறங்கிப் போனார். போட்டோக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எடுத்துத் தள்ளினார்கள்.

சொன்னபடி ஷிராகவா இளைஞன் ஒருவனை முராகோஷிக்குப் பதிலாக அனுப்பினார். முராகோஷி அவனைப் பார்த்துக் கையை ஆட்டி, திரும்பிப் போ என்றான். பையன் பாதி வழியில் நின்று மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் முராகோஷியின் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, பையனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். தளத்தருகே நின்ற பயிற்சியாளர், பந்தைக் கொடு, பத்திரமாக வைக்கிறேன் என்று கையை நீட்டினார். முராகோஷி கேட்காததுபோல் அதைக் கால்சட்டையின் பின்பையில் திணித்துக்கொண்டான்.

அடுத்த ஆள் அடித்தது தரையோடு போயிற்று. அவன் அடித்ததும் முதல் தளத்தில் நிற்கிறவன் அடுத்த தளத்துக்கு ஓடியாக வேண்டும். முராகோஷி இரண்டாம் தளத்துக்கு ஓடினான், பையில் பந்து இருப்பதை மறந்து சறுக்கினான், நன்றாக அதன்மேலேயே விழுந்தான். அதோடு அவுட்டும் ஆனான். வலியில் உயிர் போனாலும் சிரித்துக்கொண்டே நொண்டிப் போய்ப் பெஞ்சில் ஒரு பக்கமாக உட்கார்ந்தான்.

ஊருக்குத் திரும்பியதும் சுமியே அவனைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பந்து அழுந்திய இடம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது, பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது. பத்து நாள் அவனால் சரியாக உட்கார முடியவில்லை. பதினோராம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மொத்தமாக வடிந்துவிட்டிருந்தது, அவனுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.